வேண்டாம் என்கிற பொத்தான்

"இனிமேல் என் அனுமதி இல்லாம இந்த லேப்டாப்புல ஒரு புள்ளிகூட நகராது" என்று வரைபடக்காரர் காபி டம்ளரை ஓங்கி வைத்துச் சபதம் செய்தார்.

வீட்டு ப்ளான் வரைந்து கொடுப்பது அவர் தொழில். வாசலை ஒட்டிய அறைதான் ஆபீஸ். போன முறை, அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து லேப்டாப் தன்னைத்தானே அப்டேட் செய்துகொண்டது. வந்து பார்த்தால், மாமியார் வந்து தங்கிப் போன சமையலறை மாதிரி எல்லாமே இடம் மாறியிருந்தது. கோடு போடும் பொத்தான் இருந்த இடத்தில் அழிக்கும் பொத்தான். பழக்க தோஷத்தில் தட்டினார். ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரின் வீடு, கதவே இல்லாத குளியலறையோடு பிரிண்ட் ஆகிப் போய்ச் சேர்ந்தது. நீதிபதி போனில் தீர்ப்பே வாசித்துவிட்டார்.

இப்போது மறுபடியும் அப்டேட். திரையில் ஒரு கேள்விப் பெட்டி. 'இப்போது ரீஸ்டார்ட் செய்யவா? பிறகு நினைவூட்டவா?'

"பாத்தியா? 'வேண்டாம்'னு ஒரு பொத்தானே வைக்கல. காசு குடுத்து வாங்குனவன் நான். நாட்டாமை இவனா?"

"கேக்கவாவது கேக்கறானே" என்றாள் மனைவி. "பண்ணித் தொலைங்களேன். அப்டேட் பண்ணாதான் இதுல பொண்ணு வீடியோ கால்ல வருவாளாம்."

"போன்ல பேசேன்."

"போன்ல அவ மூஞ்சி தீப்பெட்டி சைஸுல தெரியுது. ஹாஸ்டல் சோத்துல இளைச்சிருக்காளா இல்லையான்னு அதுல எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

"நாளைக்குப் பாக்கலாம்."

அந்த வீட்டில் 'நாளைக்கு' என்பது கிழமை அல்ல, பதில். சமையலறைத் தொட்டிக்கு அடியில் ஒழுகும் குழாய்க்கும் அதே பதில்தான். ப்ளம்பரைக் கூப்பிடவும் விடமாட்டார். ஊருக்கே வீடு வரைகிறவன் வீட்டுக்கு ப்ளம்பர் வந்தால் கௌரவம் என்ன ஆவது? ஒழுகலுக்கு அடியில் வைத்த வாளி ஏறக்குறைய குடும்ப உறுப்பினர் ஆகிவிட்டது.

அன்றைக்கு அவர் இவ்வளவு பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. அதுவரை போனில் மட்டுமே பேசியிருந்த பல் டாக்டர், தன் புது கிளினிக்கின் ப்ளானைப் பார்க்க நேரில் வருகிறார். பிடித்துவிட்டால் அவருடைய மற்ற கிளினிக் வேலைகளும் இவருக்கே. இந்த நேரத்தில் லேப்டாப் அழிச்சாட்டியம் செய்தால் பிழைப்பில் மண்.

எனவே வேரையே வெட்டினார். இன்டர்நெட் பெட்டியின் அடாப்டரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இப்ப எப்படி உள்ள வர்றான்னு பாக்கறேன். நெட் இல்ல, அப்டேட் இல்ல."

"சரிங்க" என்றாள் மனைவி.

இத்தனை வருடம் குடித்தனம் நடத்திய மனிதர், அந்த 'சரிங்க'வைக் கேட்டதுமே உஷாராகியிருக்க வேண்டும். அவர் குளிக்கப் போனார். அடாப்டரையும் எடுத்துக்கொண்டுதான்.

துண்டோடு திரும்பி வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். திரை முழுக்க நீலம். நடுவில் ஒரு வட்டம், செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

கையிலிருந்த அடாப்டரைத் தூக்கிக் காட்டினார். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"பத்திரமா வச்சுக்கோங்க" என்றாள் மனைவி. "என் போன்லயும் நெட் இருக்குல்ல? அதைக் குடுத்தேன்."

ஊருக்கெல்லாம் ஜன்னல் வரைகிறவர். இந்த ஜன்னல் அவர் கண்ணில் படவே இல்லை.

"அடிப்பாவி, நான் ப்ளான் வரையற ப்ரோக்ராம் இனி ஓடாதே. டாக்டர் வந்துட்டிருக்கார்."

"ஓடும். அதை வித்த கடையில போன வாரமே கேட்டுட்டேன். புதுசை அவங்களே சும்மா தர்றாங்களாம், அப்டேட் முடிஞ்சதும் தானா ஏறிடுமாம். நீங்க கேட்டிருந்தா உங்ககிட்டயும் சொல்லியிருப்பாங்க."

வட்டம் நின்றது. பாஸ்வேர்டு கேட்டது. அடித்தார். தவறு என்றது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அடித்தார். அப்போதும் தவறு.

"நடுவுல ஒரு கேள்வி கேட்டுச்சுங்க" என்றாள் மனைவி, கீரையை ஆய்ந்தபடி. "இந்தக் கம்ப்யூட்டரை நிர்வாகம் பண்றது யாருன்னு. பொய் சொல்ல மனசு வரல. என் பேரைப் போட்டுட்டேன்."

வரைபடக்காரர் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"இது என் லேப்டாப்."

"உங்களதுதான். யாரு இல்லன்னாங்க? நான் வெறும் நிர்வாகி."

"பாஸ்வேர்டைச் சொல்லு."

அவள் எழுந்து போய் ஸ்பேனரைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

"குழாய். இப்பவா, டாக்டர் வந்து போனப்புறமா?"

அவள் முகத்தில் மூன்றாவதாக ஒரு பொத்தான் இருக்கிறதா என்று தேடினார். இல்லை.

டாக்டர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். அப்போது வரைபடக்காரர் தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். கழற்றிய குழாயை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தார். விட்டால் சமையலறை குளமாகிவிடும். வெளியே தெரிந்தது பாதம் மட்டும்தான்.

வாசல் அறையில் மனைவி பாஸ்வேர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. ப்ளான் திறக்குமா?

"அட, ரொம்ப சுத்தமா இருக்கே" என்றது டாக்டரின் குரல். "நீதிபதி வீட்டைப் பத்திக் கேள்விப்பட்டுக் கொஞ்சம் பயந்துட்டுத்தான் வந்தேன். இதுல எல்லாத்துக்கும் கதவு இருக்கு. மத்த கிளினிக்கையும் இவரே போடட்டும். ஆள் எங்கே?"

"முக்கியமான வேலையா இருக்கார், டாக்டர்."

"பரவாயில்ல. கொஞ்சம் கை கழுவிக்கிறேன்."

காலடிச் சத்தம் சமையலறைக்குள் வந்தது. பாதங்களுக்குப் பக்கத்தில் நின்றது.

"ஓ, ப்ளம்பரா? நல்ல ஆள் கிடைக்கறதே இல்லம்மா இப்பல்லாம். தம்பி, நம்ம கிளினிக்லயும் ஒரு குழாய் ஒழுகுது. எப்ப வர்றீங்க?"

தொட்டிக்கு அடியிலிருந்து, யோசிப்பதற்கு முன்பே, பழகிய வாய் முந்திக்கொண்டது.

"நாளைக்கு."

"இவர்கிட்ட கேட்டா அப்படித்தான் சொல்வார், டாக்டர்" என்றாள் மனைவி. "என்னைக்கு வேணும்னு என்கிட்ட சொல்லுங்க. இவருக்கும் அனுமதி நான்தான் குடுக்கணும்."