பிரமிடுக்கு முன்னால் ஆறு வயது

உலகக் கட்டடங்களின் வயதும் கட்டியவர் பெயரும் ஒருசேரத் தெரிந்த மேதை திண்டுக்கல்லில் வாழ்கிறார். வரலாறு இதை இன்னும் குறித்துக்கொள்ளவில்லை என்பதில் கட்டட வயது ஒப்பீட்டு அலுவலர் பழனிக்குமாருக்குச் சின்ன வருத்தம் உண்டு. பிரமிடுக்கு நாலாயிரத்து ஐந்நூறு, தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஆயிரம் என்று தூக்கத்திலும் சொல்வார். நம் மலைக்கோட்டை தாஜ்மகாலுக்கு அண்ணன் என்று சொல்லும்போது மட்டும் குரல் தழுதழுக்கும்.

அன்று வேடசந்தூர்ப் பக்கம் ஓர் அங்கன்வாடியில் "நேரடி ஆய்வு". அதாவது வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, இளநீர் குடித்தபடி கட்டடத்தைப் பார்ப்பது. ஆயா மரியாதையாக அவர் பையை வாங்கி உள்ளே மேசைமேல் வைத்துவிட்டார். டீச்சர் சகாயசெல்வி பதினோராவது மனுவை நீட்டினார்.

"சார், மேக்கூரை பேந்து பேந்து விழுகுது. நேத்து ஒரு பிள்ளையோட சோத்துத் தட்டுலயே விழுந்துருச்சு. 'பழுது'ன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா இருவது பிள்ளைகளயும் வேற எடத்துக்கு மாத்திருவேன்."

"கட்டடத்துக்கு என்ன வயசு?"

"ஆறு சார்."

அலுவலர் அட்டவணையை விரித்தார். "பிரமிடு என்னைக்காச்சும் மனு குடுத்துச்சா? முப்பது வயசு ஆனாத்தான் பழுது. இது இன்னும் கைக்குழந்தை டீச்சர்."

உள்ளே பொத்தென்று ஏதோ விழுந்தது. பிள்ளைகள் தட்டோடு வெளியே ஓடி வந்தார்கள். அலுவலரின் நாற்காலி நாலடி பின்னால் போயிருந்தது. அங்கிருந்தே, "கட்டடம் முற்றிலும் பாதுகாப்பானது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முத்திரையைத் தேடினார். அது பையில் இருந்தது.

"போயி எடுத்துட்டு வாங்க."

"நீங்களே போங்க சார். பாதுகாப்பானதுன்னு இப்பத்தான எழுதுனீங்க?"

பழனிக்குமார் வாசலைப் பார்த்தார், மேற்கூரையைப் பார்த்தார். வீட்டில் இருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் ஞாபகம் வந்தது. எழுதிய தாளைக் கிழித்துவிட்டு, புதுத் தாளில் ஆறுக்கு முன்னால் ஒரு மூன்றைச் சேர்த்தார். வயது முப்பத்தாறு, பழுது. நாளைக்கு ஆள் அனுப்பிப் பையை எடுத்து முத்திரை போட்டுத் தருவதாகச் சொல்லி எழுந்தார்.

சகாயசெல்வி விடவில்லை. "ஆறே வருசத்துல முப்பத்தாறு வயசான கட்டடம் உலகத்துலயே இது ஒண்ணுதான சார்? கட்டுனவரு பேரையும் அட்டவணையில எழுதுங்க."

பேனா அந்தரத்தில் நின்றது. பிரமிடைக் கட்டிய மன்னனின் பெயரைத் தூக்கத்திலும் சொல்லும் அந்த மேதைக்கு, சொந்த மச்சான் பெயர் மட்டும் அன்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.