நாலாவது போல்ட்டும் தங்கச்சி சீரும்

கழலாத போல்ட்டைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்துபோகிற ஆம்பளையை நான் இதுவரை பார்த்ததில்லை. பேப்பர் படித்துக்கொண்டிருப்பவர் மடித்து வைத்துவிட்டு எழுந்து வருவார். அவசரமாக எங்கேயோ போகிறவர் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடுவார். "தள்ளு, நான் பாக்கறேன்" என்பார். அந்தப் போல்ட்டுக்கும் அவருக்கும் போன ஜென்மத்துப் பகை இருப்பதுபோல முறைப்பார். இந்தக் கூட்டத்துக்குத் தலைவர் தேர்தல் வைத்தால் நான் போட்டியின்றி ஜெயிப்பேன். காரணம், என் தங்கச்சி கவிதாவின் சீர்வரிசை.

முதலியார்பேட்டையில் கேன் தண்ணீர் போடுவதுதான் என் தொழில். ரொம்ப நாளாக ஒரு பிக்கப் வண்டி வாங்க ஆசை. கவிதா கல்யாணம் கூடி வந்த நேரத்தில் காலாப்பட்டுப் பக்கம் ஒரு வண்டி சல்லிசாகக் கிடைத்தது. வெள்ளை நிறம், நல்ல இன்ஜின், நாலு டயரும் புதுசு. ஒரே ஒரு சின்னக் குறை. அது பிணம் ஏற்றிய வண்டி. டிரைவர் தலைக்கு மேலே, கேபின் கூரையில், இரும்புத் தகட்டில் கொட்டை எழுத்தில் 'அமரர் ஊர்தி' என்று போர்டு நின்றது.

விற்றவர் என் தோளைத் தட்டிச் சொன்னார்: "நாலே நாலு போல்ட்டு தம்பி. கழட்டுனா கல்யாண வண்டி."

(மனிதர்கள் சொல்வதை அப்படியே மனசில் எழுதி வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு. இதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கலாம்.)

வாங்கின ஜோரில், சீர் கொண்டுபோகப் பேசி வைத்திருந்த வாடகை வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "சொந்த வண்டி வெச்சிக்கிட்டு வாடகைக்கு எடுத்தா ஊர் சிரிக்கும்" என்று வீட்டில் வீரம் பேசினேன். ஊர் எதற்குச் சிரிக்கும் என்பதில்தான் கணக்குத் தப்பிவிட்டது. சனிக்கிழமை மெக்கானிக் போர்டைப் பார்த்து, "கிரைண்டர் வெச்சி அறுத்துடலாம்ணே" என்றான். "நாலு போல்ட்டுக்குப் போய் கிரைண்டரா? நானே கழட்டிக்கறேன்" என்று வண்டியை ஓட்டி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சீர். மாப்பிள்ளையின் அப்பா நடேசன் மாமா கறாரான ஆள். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன அன்றைக்கே நாங்கள் தாமதமாகப் போய், காபியோடு கொஞ்சம் முறைப்பும் வாங்கிக் குடித்தவர்கள். இந்த முறை போனிலேயே சொல்லிவிட்டார்: "நாலரைக்கு ராகு காலம். அதுக்கு மேல ஒரு டம்ளர் கூட என் வாசப்படி ஏறக் கூடாது. மறுபடியும் லேட்டுன்னா, நான் யோசிக்க வேண்டியிருக்கும்." அந்த 'யோசிக்க' கவிதாவை ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை. பையனை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது.

காலையில் அம்மா வாசலுக்கு வந்து வண்டியைப் பார்த்தாள். போர்டைப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"டேய், இதுலயா என் பொண்ணுக்குக் கட்டில் அனுப்புவ?"

"போர்டக் கழட்டிடுவேன்மா."

"போர்டு எறங்குனாதான் கட்டில் ஏறும். சொல்லிட்டேன்."

கூரைமேல் ஏறினேன். முதல் மூன்று போல்ட்டும் முக்கல் முனகலோடு வந்துவிட்டன. நாலாவதிடம் போனேன். கடற்கரையில் வருஷக்கணக்காக உப்புக் காற்று குடித்த போல்ட்டு. நட்டு எது, போல்ட்டு எது என்று தெரியாமல் இரண்டும் ஒன்றாகிக் கிடந்தன. ஸ்பேனரைப் போட்டு இழுத்தேன். ஸ்பேனர் வழுக்கி, என் முட்டிதான் கழன்றது. மண்ணெண்ணெய் ஊற்றினேன். தேங்காய் எண்ணெய் ஊற்றினேன். சுத்தியலால் தட்டினேன். ஸ்பேனர் பிடியில் தண்ணீர்க் குழாயை மாட்டித் தொங்கினேன். போல்ட்டின் தலை மழுங்கிக் கோலிக்குண்டு மாதிரி ஆனது. இடுப்பு மட்டும் அசையவில்லை.

"கயிறு போட்டு இழுண்ணே" என்றார் பால்காரர். "வெந்நீர் ஊத்து" என்றது பூக்கார அக்கா. எதிர்வீட்டு முசியே அந்துவான் பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரான்சிலிருந்து கொண்டுவந்த ஒரு ஸ்ப்ரே டின்னோடு வந்தார். "இத அடிச்சா பீரங்கியே கழண்டுடும். துஸ்மா, துஸ்மா... மெதுவா" என்று அவரே அடித்தார். தெருவே நாறியது. போல்ட்டு கண்டுகொள்ளவில்லை. அந்தத் துருவுக்கு பிரெஞ்சு தெரியாது போல.

"வேற வண்டி பாருங்களேன்" என்றாள் என் மனைவி செல்வி.

"முகூர்த்த நாள். எல்லாம் போயிடுச்சி. அதோட, இது எனக்கும் போல்ட்டுக்கும் நடக்குற விஷயம்."

"சீர் அந்தப் போல்ட்டுக்கா, உங்க தங்கச்சிக்கா?"

மூன்று மணிவரை மறுபடியும் குழாயில் தொங்கினேன். இதற்குள் போர்டு ஒற்றைப் போல்ட்டில் நின்று, காற்றுக்குக் கதவு மாதிரி ஆட ஆரம்பித்தது. ஓடுகிற வண்டியில் அப்படி ஆடினால் யார் தலையையாவது கொண்டுபோய்விடும். வேறு வழியில்லாமல், கழற்றின மூன்று போல்ட்டையும் நானே திரும்ப முடுக்கினேன். காலையிலிருந்து நான் பார்த்த வேலையின் பலன், போர்டு முன்னைவிடக் கெட்டியாக நின்றதுதான்.

செல்வி தன் மஞ்சள் சேலையைக் கொண்டுவந்து போர்டு தெரியாமல் சுற்றினாள். "இப்ப சாமி வண்டி மாதிரி இருக்கு" என்று சாமந்தி மாலையும் போட்டாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "ஏத்துங்கடா" என்றாள். கட்டில் ஏறியது, பீரோ ஏறியது. மெத்தை அழுக்காகாமலிருக்க வெள்ளைத் துணியில் சுற்றிக் கட்டிலின்மேல் நீளமாகக் கிடத்தினோம். செல்வியும் இரண்டு சித்திகளும் பூத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அம்மா முன்னால் என் பக்கத்தில்.

விழுப்புரம் ரோடு ஞாயிற்றுக்கிழமை எப்படியிருக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களிடம் கேளுங்கள். சிக்னலுக்கு ரொம்ப முன்னாடியே வண்டிகள் நின்றன. மணி நாலாகப் போகிறது. மாமா வீடு இருக்கிற ரெட்டியார்பாளையம் இன்னும் தூரம். அப்போது மேலே 'சடார்' என்று ஒரு சத்தம். பின்னாலிருந்து செல்வி கேபினைப் படபடவென்று தட்டினாள். சீக்கிரம் போகச் சொல்கிறாள் என்று நினைத்து ஹாரனை அமுக்கினேன்.

அப்புறம்தான் அதிசயம். முன்னால் நின்ற கார் ஒதுங்கியது. பஸ் ஒதுங்கியது. பைக்கில் இருந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். டீக்கடையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். எங்கள் ஊர் சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் குறுக்கு ரோட்டை நிறுத்தி, எங்களுக்கு ஒரு சல்யூட் வைத்து, கையைக் காட்டி அனுப்பினார்.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நம்ம சீருக்கு என்ன மரியாத பாருடா! உங்கப்பா இருந்து பாக்காம போயிட்டாரே."

பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "யாருங்க?" என்றார்.

"தங்கச்சி" என்றேன் பெருமையாக.

"அய்யோ! வயசு?"

"இருபத்தஞ்சு."

அவர் உச்சுக்கொட்டிவிட்டு ஆட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டார். (என்ன பாசமான ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.)

பின்னால் நடந்ததைச் செல்வி அப்புறம் சொன்னாள். சேலை காற்றில் பிய்த்துக்கொண்டு பறந்துபோயிருக்கிறது. மாலை மட்டும் போர்டிலேயே தங்கிவிட்டது. தட்டிலிருந்த ரோஜா இதழெல்லாம் பறந்து ரோடு முழுக்கச் சிந்திக்கொண்டே வந்திருக்கிறது. கண்ணில் தூசி விழுந்த மூன்று பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி, வெள்ளைத் துணி சுற்றின மெத்தையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். இதைவிட முறையாக ஒரு கடைசி ஊர்வலத்தை யாராலும் நடத்த முடியாது.

நடேசன் மாமா வீட்டு வாசலில் போய் நிறுத்தினேன். தெருவே வெளியில் வந்தது. பக்கத்து வீட்டு அம்மா வாயில் கை வைத்து, "உங்க வூட்லயா? சொல்லவே இல்லியே!" என்றாள். பட்டு வேட்டியோடு நின்ற நடேசன் மாமா வெலவெலத்துப்போய் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏய், எல்லாரும் இருக்கீங்களா?"

இறங்கி நிமிர்ந்து பார்த்தேன். மாலைக்கு நடுவில் எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. அம்மாவும் பார்த்தாள். காலை வெளியே வைத்தவள் அப்படியே சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். கவிதா வாழ்க்கை முடிந்தது என்றே நினைத்தேன். 'யோசிக்க' நேரம் வந்துவிட்டது.

மாமா போர்டைப் பார்த்தார். மெத்தையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"போல்ட்டு கழலல மாமா" என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

மாமா வண்டியை நெருங்கி வந்தார். பிறகு, "எத்தினி போல்ட்டு?" என்றார்.

"நாலு. மூணு வந்துடிச்சி."

"நாலாவது?"

"காலையிலருந்து பாக்கறேன். அசைய மாட்டேங்குது."

"அதெப்படி அசையாம போகும்?" அவர் முகமே மாறியது. அந்த முகம் எனக்குத் தெரியும். காலையில் கண்ணாடியில் பார்த்த முகம்தான். பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். "ஸ்பேனர் இருக்கா? தள்ளு, நான் பாக்கறேன்."

பெண்கள் அந்தச் சமயத்தை விடவில்லை. மாப்பிள்ளையும் ஓடிவந்து கை கொடுக்க, கட்டில், பீரோ, மெத்தை, தட்டு எல்லாம் நாலரைக்குள் வாசப்படி ஏறிவிட்டன. ராகு காலம் முழுக்க நானும் சம்பந்தியும் சாவு வண்டிக் கூரைமேல் குந்தியிருந்தோம். நான் ஸ்பேனரைப் பிடிக்க, அவர் சுத்தியலால் அடித்தார். அவர் பிடிக்க, நான் அடித்தேன். கடைசியில் இறங்கும்போது அவர் பட்டு வேட்டியில் பாதி கிரீஸ். "சரியான அழுத்தக்காரனா இருக்கான்" என்று போல்ட்டைத் திட்டிவிட்டு, என் தோளில் கை போட்டு உள்ளே கூட்டிப்போனார். தானே தோற்ற இடத்தில் அவர் யாரை என்ன கேட்பார்?

மறுநாள் கிரைண்டர் வந்து போர்டை எடுத்துவிட்டது. நாலாவது போல்ட்டின் அடிக்கட்டை மட்டும் இன்றைக்கும் கூரையில் இருக்கிறது. நடேசன் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால், காபி குடிப்பதற்கு முன் ஒரு தடவை அதைத் திருகிப் பார்க்காமல் விடமாட்டார். வீட்டில் யாராவது எங்கேயாவது கிளம்பத் தாமதமானால், "அந்த வண்டிய எடுக்கச் சொல்லு, ரோடு விடுவாங்க" என்று குழந்தைகள்கூடச் சொல்கின்றன.

கவிதாவுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் சண்டை வந்தால் மாப்பிள்ளை என்னைப் போனில் கூப்பிட்டுச் சொல்வார்: "உங்க மேல தப்பில்ல மச்சான். அன்னிக்கே போர்டு போட்டுதான் அனுப்புனீங்க. நான்தான் படிக்காம விட்டுட்டேன்."

பக்கத்திலிருந்து கவிதாவின் குரல் கேட்கும்: "போல்ட்டையும் சேத்துதான் அனுப்புனாங்க. உங்கப்பாவே ஏறிப் பாத்தாரில்ல? கழண்டுச்சா?"