வக்காலத்து இல்லாத வழக்கு

அடுத்த வார ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, சபை மண்டபத்தில், ஒரு நாத்திகர் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்று, கடவுள் இருப்பதை ஒப்புக்கொள்வார் என்று நோட்டீஸ் அச்சாகிவிட்டது. நாத்திகருக்குத்தான் இன்னும் விஷயம் தெரியாது.

போதாததற்கு அவரால் எழுந்து நிற்கவும் முடியாது. மாடிப்படியில் வழுக்கி விழுந்து, தொடையெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியின் எலும்பு வார்டில் ஆறாம் நம்பர் கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார்.

"'எழுந்து நின்று'ங்கிறதையாவது எடுத்திருக்கலாம்," என்றாள் வக்கீலின் மனைவி, நோட்டீஸைப் படித்துவிட்டு.

"அதுக்குள்ள சக்கர நாற்காலியில விட்டுடுவாங்களாம். எழுந்து நிக்கிறதுங்கிறது ஆவிக்குரிய அர்த்தத்துல."

"அண்ணன்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்கிறதென்ன? நிரூபிக்கப் போறேன்."

நாத்திகர் அவளுடைய அண்ணன்தான். இன்சூரன்ஸ் கம்பெனியில் தீ விபத்துப் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எரிந்துபோன கட்டடங்களை எல்லாம் நேரில் பார்த்துவிட்டு, "எரிஞ்சதுக்கு ஆதாரம் எங்கே?" என்று கேட்டவர் என்று ஆபீஸில் அவருக்குப் பெயர். மனைவி இறந்தபிறகு சபைப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. ஒரே மகன் வேறொரு கண்டத்திலிருந்து வாரம் ஒருமுறை போன் செய்வான்.

வக்கீலோ சபையில் மூப்பர், எல்லைச்சுவர் வழக்குகளில் தலைமுடியை இழந்தவர். பக்கத்து வீட்டுச் சுவர் நான்கு அங்குலம் உள்ளே வந்திருக்கிறது என்று நிரூபித்த அதே கையால் கடவுள் இருக்கிறார் என்றும் நிரூபித்துவிடலாம் என்று அவருக்கு ஒருநாள் தோன்றியது. 'மறுக்க முடியாத பன்னிரண்டு ஆதாரங்கள்' என்று நீல ஃபைல் ஒன்று தயாரானது. இந்த வழக்கில் கட்சிக்காரர் தனக்கு வக்காலத்து எதுவும் கொடுக்கவில்லை என்பதை அவர் ஒரு குறையாக நினைக்கவில்லை.

"என்னமோ பண்ணுங்க," என்றாள் மனைவி. "எனக்குச் சாயங்காலம்தான் தையல் கடையில கூட்டம். நாலுலேருந்து ஆறு வரைக்கும்தான் பார்க்க விடறாங்க. நீங்களாவது போய் அண்ணன் பக்கத்துல உட்கார்ந்துட்டு வாங்க."

முதல் நாள் வியாழக்கிழமை. வக்கீல் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஃபைலைத் திறந்தார்.

"மச்சான், காரணம் இல்லாம எதுவும் நடக்காது. ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கறேன் மாப்பிள்ளை."

"அப்போ இந்த உலகத்துக்கும் ஒரு காரணம் இருக்கணும்."

"இருக்கட்டும்."

"அதுதான் நம்ம ஆண்டவர்."

மச்சான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். "ஒரு குடோன் எரிஞ்சுபோச்சுன்னு வைங்க. காரணம் இருக்கும், சந்தேகமே இல்லை. அதுக்காக, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பேரை எழுதி ரிப்போர்ட்டை முடிச்சுட முடியுமா? காரணம் இருக்குன்னு சொன்னீங்க, சரி. அது உங்க சபையில ஞாயித்துக்கிழமை பாட்டுப் பாடி கூப்பிடறீங்களே, அவர்தான்னு எப்படி வந்தீங்க? நடுவுல நாலு பக்கம் காணோமே."

வக்கீல் ஃபைலைப் புரட்டிப் பார்த்தார். உண்மையிலேயே காணோம்.

"நாளைக்கு நல்லா தயார் பண்ணிட்டு வாங்க," என்றார் மச்சான்.

மறுநாள் வக்கீல் இரண்டாம் ஆதாரத்துக்குத் தாவினார். மனித உடலின் அற்புத அமைப்பு. இத்தனை நுட்பமான இயந்திரம் தானாக உண்டாகுமா? கேள்வி நல்ல கேள்விதான். எலும்பு வார்டில் கேட்டிருக்கக் கூடாது. அவர் குரல் கோர்ட்டுக்குப் பழகிய குரல்; நாலு முழங்கால், இரண்டு இடுப்பு, ஒரு தோள்பட்டை என மொத்த வார்டும் திரும்பிப் பார்த்தது.

"அறுபது வயசுல முட்டி தேய்ஞ்சுடுதே, அது எந்த நுட்பத்துல சேர்த்தி?" என்று ஜன்னலோரத்திலிருந்து ஒரு முழங்கால் கேட்டது.

எதிர்க் கட்டிலில் முதுகுக்குப் பட்டை போட்டுப் படுத்திருந்த பஸ் டிரைவர் சிரித்தார். பக்தியுள்ள மனிதர், தலையணைக்கு அடியில் வேதபுத்தகம் வைத்திருந்தார். "என் முதுகைச் செஞ்சவர் பஸ் சீட்டைப் பார்த்ததில்லை போலிருக்கு சார்," என்றார். சொல்லிவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "இதை நான் இத்தனை நாள் யோசிச்சதே இல்லை," என்றார் மெதுவாக.

"நீங்க யோசிக்காதீங்க," என்றார் வக்கீல் அவசரமாக. "இது இவருக்கு."

சனிக்கிழமை சாட்சிகள். வக்கீலின் சொந்த மைதானம். ஆண்டவர் உயிர்த்தெழுந்தார்; கல்லறை காலியாக இருந்தது, பார்த்தவர்கள் இருக்கிறார்கள், சொன்னவர்கள் உயிரைக் கொடுத்தார்கள்.

"சாட்சிங்க எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்களா?" என்று கேட்டார் மச்சான்.

"முக்கியமான விஷயத்துல ஒரே மாதிரி. சின்னச் சின்ன விஷயத்துல வித்தியாசம்."

"ஒரே மாதிரி சொன்னா, பேசி வெச்சுக்கிட்டாங்கன்னு க்ளெய்மை நிறுத்திடுவோம். வேற வேற மாதிரி சொன்னா, முரண்பாடுன்னு நிறுத்திடுவோம்."

"அப்போ எப்பதான் குடுப்பீங்க?"

"அதுக்குத்தானே எனக்குச் சம்பளம் குடுத்து வெச்சிருந்தாங்க."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர் வக்கீலின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊரே பேசுது. கூடுதலா நூறு நாற்காலிக்குச் சொல்லியிருக்கேன். அந்த நாத்திகர் எப்படி இருக்கார்?"

"கனிஞ்சுக்கிட்டு வர்றார்," என்றார் வக்கீல்.

திங்கட்கிழமை, கனியாத நாத்திகரிடம் அவர் சுருக்கு வழியில் போனார். "சரி மச்சான், நிரூபணமே வேண்டாம். நம்பி வெச்சீங்கன்னா, கடவுள் இருந்தா லாபம், இல்லேன்னாலும் நஷ்டமில்லை. நம்பாம விட்டு, அவர் இருந்துட்டா?"

மச்சான் முகத்தில் அன்றைக்குத்தான் நிஜமான சந்தோஷம் தெரிந்தது. "மாப்பிள்ளை, இது எங்க ஏஜெண்டு பாலிசி விக்கிற பேச்சு. வார்த்தை மாறலை. உங்க ஆண்டவர் அப்படி ஒரு காரணத்துக்காக வர்றவனைச் சேர்த்துக்குவாரா? நானே சேர்த்துக்க மாட்டேன்."

வார்டில் நாலைந்து பேர் கைதட்டினார்கள். முழங்கால்காரர்கள் இப்போதெல்லாம் நாலு மணிக்கு முன்பே தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு தயாராக இருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை வாசலிலேயே ஒரு பெண் மறித்தாள். பஸ் டிரைவரின் மனைவி.

"நீங்கதான் அந்த நிரூபிக்கிறவரா? எங்க வீட்டுக்காரர் சாப்பாட்டுக்கு முன்னாடி ஜெபம் பண்றதை நிறுத்திட்டார். கேட்டா, 'சார் வாதம் முடியட்டும், தீர்ப்பு வரட்டும்'ங்கறார். இருபத்தஞ்சு வருஷமா ஒழுங்கா இருந்த மனுஷன்."

வக்கீல் பதறிப்போய், அன்றைய நேரத்தை எதிர்க் கட்டிலுக்கு ஒதுக்கினார். ஏழாம் ஆதாரம், எட்டாம் ஆதாரம் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தார். டிரைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். அதில் பதினான்கு கேள்விகள் இருந்தன.

"நான் சும்மா நம்பிக்கிட்டிருந்தேன் சார். நல்லாத்தான் இருந்துச்சு. இது நிரூபிக்க வேண்டிய விஷயம்னு நீங்க சொன்னப்புறம்தான், நிரூபிக்காம விட்டா என்ன ஆகும்னு கவலை வந்துச்சு."

வக்கீல் பதினான்கில் மூன்றுக்குப் பதில் சொன்னார். கேள்விகள் பதினாறாயின.

"பாவம், அந்த ஆளை விட்டுட்டு நாளைக்கு என்கிட்ட வாங்க," என்றார் மச்சான். குரலில் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது.

புதன்கிழமை வீட்டில் சாப்பாட்டு மேஜை. வக்கீல் கண்ணை மூடி, "ஆண்டவரே, எங்களுக்கு இந்த ஆகாரத்தைத் தந்ததற்காக..." என்று ஆரம்பித்து, நின்றுவிட்டார். உள்ளே மச்சானின் குரல் தெளிவாகக் கேட்டது: தந்ததற்கு ஆதாரம்?

"சூப் ஆறுது," என்றாள் மனைவி.

"இல்ல... இதை யாரு குடுத்தாங்கங்கிறதுல நடுவுல நாலு பக்கம்..."

"நான்தான் குடுத்தேன். ஆதாரம் எல்லாம் அடுப்பு மேல கிடக்கு, சாப்பிட்டுட்டுக் கழுவி வைங்க."

அவர் கழுவி வைத்தார். சபையில் அவமானம் என்பது ஒரு பக்கம். அது கோர்ட்டில் தோற்ற மாதிரிதான், ஒரு மாதத்தில் மறந்துபோகும். ஆனால் சின்ன வயதிலிருந்து தினம் காலையும் மாலையும் பேசி வந்த இடத்தில் ஆள் இருக்கிறாரா என்று, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, எட்டிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. எட்டிப் பார்க்கப் பயமாகவும் இருந்தது.

வியாழக்கிழமை மிச்சமிருந்த நான்கு ஆதாரங்களையும் ஒரே மூச்சில் கொட்டினார். மச்சான் ஒவ்வொன்றையும் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டையைக் காட்டித் திருப்பிக் கொடுத்தார். நாற்பது நிமிஷத்தில் பன்னிரண்டும் தீர்ந்தன.

வெள்ளிக்கிழமை காலை வக்கீல் போதகருக்குப் போன் செய்தார். "கூட்டத்தை நிறுத்திடலாம்."

"நாற்காலி இறங்கிக்கிட்டிருக்கே."

"உட்கார்ந்து பாட்டுப் பாடட்டும். என்கிட்ட ஒண்ணுமில்லை."

அன்று மாலை ஃபைல் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வார்டு நிமிர்ந்து உட்கார்ந்தது.

"ஃபைல் எங்கே மாப்பிள்ளை?"

"தோத்துட்டேன் மச்சான். நீங்க ஜெயிச்சீங்க."

மச்சான் சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். மச்சான் முகம் வெளுத்தது. தலையைத் தூக்க முயன்று, வலியில் மறுபடி சாய்ந்தார்.

"தோத்துட்டேன்னா? அதெப்படி? முதல் நாள் சொன்னீங்களே, அந்தக் காரணம்... அது அப்படி ஒண்ணும் மோசமான பாயிண்ட் இல்லை."

"நடுவுல நாலு பக்கம் காணோம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"எழுதிச் சேர்த்துக்கலாமே. இப்படிப் பாருங்க: காரணம்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு அறிவு இருக்கணும், இல்லேன்னா இவ்வளவு ஒழுங்கு வராது. அறிவு இருந்தா..."

"ஒழுங்கு எங்கே மச்சான் இருக்கு? இந்த வார்டைச் சுத்திப் பாருங்க."

"சரி, அதை விடுங்க. சாட்சிகள். உயிரைக் குடுத்தவன் பொய்யா சொல்வான்?"

"பொய்னு தெரியாம உயிரைக் குடுக்கலாமில்லையா? நம்பிக் குடுத்தான்ங்கிறதுக்குத்தான் அது ஆதாரம். நடந்துச்சுங்கிறதுக்கு இல்லை."

"நல்ல மறுப்பு," என்றார் எதிர்க் கட்டில் டிரைவர், நோட்டில் குறித்துக்கொண்டே.

கடவுள் பக்கம் நாத்திகரும், எதிர்ப்பக்கம் சபை மூப்பருமாக அரை மணி நேரம் போயிற்று. வக்கீல் ஒன்று விடாமல் உடைத்தார். உடைக்க உடைக்க அவருக்கே அழுகை வரும்போலிருந்தது. கடைசியில் மச்சானிடமும் சரக்கு தீர்ந்துபோனது. மச்சானுக்குக் கணுக்காலில் அரித்தது, எட்டாது. வக்கீல் சொறிந்துவிட்டார். டம்ளரில் தண்ணீர் பிடித்துக் குடிக்க வைத்தார். முகவாயில் வழிந்ததைத் துடைத்தார்.

"அப்போ," என்றார் மச்சான், மேற்கூரையைப் பார்த்தபடி, "நாளைக்கு வரமாட்டீங்க."

"வந்து என்ன மச்சான் பண்றது? கொண்டு வர்றதுக்கு என்ன இருக்கு?"

ஆறு மணி ஆனது.

வராந்தாவில் தலைமை நர்ஸ் மருந்துத் தட்டை வைத்துக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ஒன்பது நாளாக வக்கீலை ஆறு மணிக்கு வெளியே துரத்துவதைத் தவிர அவரிடம் ஒரு வார்த்தை பேசாதவர்.

"சிஸ்டர், நாளையிலேருந்து சத்தம் இருக்காது," என்றார் வக்கீல். "நான் வரலை. அந்த மனுஷனுக்கு ஒரு நிரூபணம்கூட ஒழுங்கா குடுக்க முடியலை என்னால. இனிமே எந்த முகத்தை வெச்சுக்கிட்டு ஜெபம் பண்ணுவேன்னும் தெரியலை. கேட்கிறதுக்கு ஆள் இருக்குன்னு என்ன அத்தாட்சி?"

நர்ஸ் பேனாவை மூடி வைத்தார்.

"எனக்கு அத்தாட்சி எல்லாம் தெரியாது சார். தினம் காலையில ஊசி போடப் போறப்போ ஆறாம் நம்பர் கண்ணை மூடிக்கிட்டு, 'ஆண்டவரே, இன்னிக்கு மாப்பிள்ளை கொண்டு வர்ற வாதத்துலயும் ஒரு ஓட்டை இருக்கட்டும், இல்லேன்னா நாளைக்கு வரமாட்டார்'னு வேண்டிக்கிட்டிருப்பார். எட்டு நாளா ஒரு நாள்கூடத் தவறாம அவர் கேட்டது கிடைச்சுக்கிட்டுத்தான் இருக்கு."