நல்ல தமிழில் ஒரு பொத்தான்

டாக்டரின் மனைவியிடம் காய்ச்சலுக்கு மாத்திரை கேட்பார்கள். கணினிக்காரரைக் கட்டிக்கொண்டவளிடம் பழைய மடிக்கணினியைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கேட்கிறவர்கள் மேல் தப்பே இல்லை. "எனக்குத் தெரியாது" என்று சொல்ல வாய் வராத என்னைப் போன்றவர்கள் மேல்தான் தப்பு.

கல்யாணமாகி மதுரையிலிருந்து கோலாலம்பூருக்கு வந்த புதிது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் செந்தில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். வீட்டில் எது பழுதானாலும் "நான் சாஃப்ட்வேர், இது ஹார்ட்வேர்" என்று ஒதுங்கிக்கொள்வார் (மிக்ஸி, குழாய், கதவுத் தாழ்ப்பாள், எல்லாமே அவருக்கு ஹார்ட்வேர்தான்). பகலெல்லாம் சும்மா கிடப்பதற்கு இணையத்தில் கணக்கியல் படிக்கலாமே என்று எனக்கு ஆசை. அதற்கு ஒரு மடிக்கணினி வேண்டியிருந்தது.

எதிர்வீட்டில் புஷ்பா அக்காவும் அவர் கணவர் ராஜு அங்கிளும் இருந்தார்கள். ஒரே வீட்டில் அக்காவும் அங்கிளும் எப்படி என்று கேட்காதீர்கள். "அவரு அங்கிள், நான் அக்கா. ஆன்டின்னு கூப்பிட்டா கதவைத் தொறக்க மாட்டேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அக்கா பள்ளிக்கூட அலுவலகத்தில் கிராணியாக (நம் ஊர்க் குமாஸ்தாதான்) இருந்து ஓய்வு பெற்றவர். அங்கிளுக்கு ரயில்வே வேலை. அதிலும் ஓய்வு, பேச்சிலும் ஓய்வு.

அந்தக் காலத்தில் எனக்கு ஒரு வியாதி இருந்தது. மலேசியத் தமிழர்களின் தமிழைச் சீர்திருத்தும் வியாதி. அங்கிள் பையைத் தூக்கிக்கொண்டு "பாசாருக்குப் போறேன்" என்பார். நான் விடமாட்டேன். "அழகா சந்தைன்னு சொல்லலாமே அங்கிள்" என்பேன். அவர் என்னை ஒரு முறை பார்ப்பார், பாசாருக்குப் போய்விடுவார். (அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய் ஸ்விட்சைப் போட்டு, ஃபேனைச் சுற்றவிட்டு, சோஃபாவில் உட்காருவேன். அது வேறு விஷயம்.)

அக்காவுக்கு மகள் ஷாமினி புது மடிக்கணினி வாங்கிக் கொடுத்தாள். பழையது எனக்கு என்றார் அக்கா. "வீசுறதுக்கு சாயாங் லா, மனசு வரல. நீ எடுத்துக்க. ஆனா உள்ள ஒரு ஃபோல்டர் இருக்கு. அதை மட்டும் பத்திரமா பென்டிரைவ்ல போட்டுத் தரணும்."

ஃபோல்டரைத் திறந்து காட்டினார். ஷாமினியின் கல்யாணத்தில் அக்காவின் அக்கா மகன் எடுத்த படங்கள். கல்யாண ஆல்பம் தனியாக அலமாரியில் இருக்கிறது. ஆனால் ஆல்பம் முழுக்க அங்கிள் தன் அடையாள அட்டையில் இருக்கும் அதே முகத்தோடுதான் நிற்கிறார். இந்த ஃபோல்டரில் மட்டும் ஒரே ஒரு படத்தில் அவர் சிரிக்கிறார். சும்மா சிரிப்பில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறார். கிள்ளான் கோயில் மண்டபத்தில், மணமேடையில் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த ஐயரின் கைப்பேசி அடித்திருக்கிறது. அவர் எடுத்து, "இதோ, பாதி வழி வந்துட்டேன், ஒரே ஜேம்" என்று அடுத்த கல்யாண வீட்டுக்குச் சொல்லியிருக்கிறார். அங்கிள் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"இவரு மேல கோவம் வந்தா இதைத்தான் தொறந்து பாப்பேன். அப்புறம் கோவம் போயிடும்" என்றார் அக்கா. "படம் எடுத்தவனோட கேமராவும் தொலைஞ்சு போச்சு. இந்த ஒண்ணுதான் இருக்கு. இரு, நானே காப்பி பண்ணிட்டுத் தரேன். மெதுவா வேலை செய்யும், அதான்."

"நீங்க ஏன்க்கா சிரமப்படறீங்க? எங்க வீட்டுல ஐ.டி. இருக்கு" என்றேன் நான். ஐ.டி. அப்போது சோஃபாவில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

மெதுவாக என்று அக்கா சொன்னது மரியாதைக்கு. பொத்தானை அமுக்கிவிட்டு உலை வைத்தால் சோறு வெந்த பிறகு அது கண் விழிக்கும். அடிப்பக்கம் தோசை சுடலாம் போலக் கொதிக்கும். பழைய டிஸ்கை எடுத்துவிட்டு வேகமான எஸ்.எஸ்.டி. போட்டால் புதிது மாதிரி ஓடும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். கூடவே கொஞ்சம் ரேமும் சேர்க்கச் சொன்னார்கள். இரண்டு காணொளி பார்த்ததும் நானே கடை வைக்கலாம் என்ற அளவுக்குத் தைரியம் வந்துவிட்டது.

முதலில் அக்காவின் படங்கள். பென்டிரைவைச் செருகினேன். ஃபோல்டரில் இருந்த எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வலப் பொத்தானை அமுக்கினேன். ஒரு பட்டியல் விழுந்தது, எல்லாம் மலாய். அக்கா அலுவலகத்தில் பழகிய மொழி என்பதால் வீட்டுக் கணினியையும் மலாயிலேயே வைத்திருந்தார். எதிர்வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம். ஐ.டி. வீட்டுக் கௌரவம் என்ன ஆவது?

பட்டியலில் ஒரு சொல் 'சாலின்'. ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற சலைன் ஞாபகம் வந்தது, விட்டுவிட்டேன். அடுத்தது 'போத்தோங்'. போட்டோவைத்தான் இப்படி எழுதியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். கை அதை நோக்கிப் போனபோது கொஞ்சம் கீழே இன்னொரு சொல் கண்ணில் பட்டது. பி, ஏ, டி, ஏ, எம். படம்!

எனக்கு மெய் சிலிர்த்தது. இந்த நாட்டில் தமிழுக்கு இவ்வளவு மரியாதையா, கணினிக்குள்ளேயே நம் சொல்லைச் சேர்த்திருக்கிறார்களே என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. போட்டோ, படம் என்று இரண்டு சொல் இருக்கும்போது நான் எதை அமுக்குவேன்? நல்ல தமிழைத்தான் அமுக்கினேன். ஒரு கட்டம் வந்து ஏதோ கேட்டது. அதில் 'அண்டா' என்பது மட்டும் புரிந்தது. கீழே 'யா' என்று ஒரு பொத்தான். யா என்றேன். படங்கள் மளமளவென்று ஃபோல்டரை விட்டுக் கிளம்பின. எல்லாம் பென்டிரைவுக்குக் குடிபோகின்றன என்று கையசைக்காத குறையாக வழியனுப்பினேன்.

மறுநாள் ரயிலேறி சுபாங் ஜெயாவில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் உள்ளூர்த் தமிழர். கணினியைக் கையில் வாங்கி, "பேக்கப் சுடா?" என்று கேட்டார்.

"ஆமா பாஸ், ரொம்ப சூடாகுது. மடியில வைக்க முடியல."

அவர் கணினியை மேசையில் வைத்தார். "பேக்கப் எடுத்தாச்சான்னு கேட்டேன் லா."

"அதெல்லாம் எடுத்தாச்சு."

மாற்றிக்கொண்டே, "பழைய டிஸ்க் என்னா செய்ய? வேணுமா?" என்றார்.

இந்த இடத்தில் நான் பேசாமல் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. ஆனால் மூன்றாவதாக ஒரு காணொளியும் பார்த்திருந்தேன், பாதுகாப்பு பற்றியது. "ஒண்ணு விடாம சுத்தமா அழிச்சிடுங்க பாஸ். அடுத்தவங்க வீட்டுப் படமெல்லாம் இருக்கு. யாராலயும் திருப்பி எடுக்க முடியக்கூடாது" என்றேன். அவர் மிக நல்ல தொழிலாளி. சொன்னதைச் சொன்னபடியே செய்துகொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஷாமினி கிள்ளானிலிருந்து வந்திருந்தாள். எங்களையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சாப்பாடு முடிந்ததும் நான் பென்டிரைவை எடுத்து, தாம்பூலம் தருவது போல இரண்டு கையாலும் அக்காவிடம் நீட்டினேன். அக்கா தன் புதுக் கணினியில் செருகினார். எல்லாரும் சுற்றி நின்றோம். திரையில் வெள்ளையாக ஒரு வெளி, நடுவில் சின்னதாக ஒரு வரி. அதன் கடைசிச் சொல் 'கோசோங்'.

எனக்குத் தெரிந்த மலாய்ச் சொற்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். அதில் இது ஒன்று. டீக்கடையில் தினமும் 'தே ஓ கோசோங்' என்று கேட்பேன். பால், சர்க்கரை எதுவும் இல்லாத டீ. கோசோங் என்றால் ஒன்றும் இல்லை.

"ரீசைக்கிள் பின்ல பாத்தியா?" என்றார் செந்தில். கல்யாணத்துக்குப் பிறகு பழுதான ஒன்றுக்கு அவர் சொன்ன முதல் யோசனை.

"பழைய டிஸ்கையே அழிக்கச் சொல்லிட்டேன்" என்றேன்.

அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "பரவால்ல லா, படம்தானே" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கழுவுவதற்கு அங்கே பாத்திரமே இல்லை, எல்லாவற்றையும் நானும் ஷாமினியும் கழுவி வைத்திருந்தோம். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பரவால்லவைத்தான் தாங்க முடியவில்லை. நின்ற இடத்திலேயே அழ ஆரம்பித்துவிட்டேன், மூக்கு, கண் எல்லாம் ஒரே ஆறாக.

ஷாமினி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அழாதீங்க அக்கா. எந்த பட்டனை அமுக்குனீங்க?" என்றாள்.

"படம்" என்றேன் விசும்பிக்கொண்டே. "படம்னுதான் போட்டிருந்துச்சு. மேல போட்டோன்னும் இருந்துச்சு. ஆனா இது நல்ல தமிழ்ல இருந்துச்சா, அதான் இதை அமுக்குனேன்."

ஷாமினி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ அக்கா, அது படம் இல்ல, பாடாம். மலாய்ல பாடாம்னா அழிக்கிறது. சாலின்தான் காப்பி. மேல இருந்தது போத்தோங், வெட்டுறது. அதை அமுக்கி ஒட்டியிருந்தாகூட படம் தப்பிச்சிருக்கும்."

அங்கிள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்று காலையில்தான் அவருக்கு லாரியை 'லோரி' என்று சொல்லக்கூடாது என்று வகுப்பெடுத்திருந்தேன். "ஏம்மா" என்றார் மெதுவாக. "நல்ல தமிழ்லயா இருந்துச்சு?"

முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிறு குலுங்கியது. பிறகு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு சத்தம் கிளம்பியது. "சந்தை... சந்தை..." என்று மட்டும் சொல்லிச் சொல்லி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். பல வருடம் சேர்த்து வைத்த சிரிப்பு.

பழக்கமில்லாத சத்தம் கேட்டு, ஏதோ வெடித்துவிட்டது என்று அக்கா கரண்டியும் கையுமாக ஓடிவந்தார். அங்கிளைப் பார்த்ததும் அப்படியே நின்றார். "ஷாமினி, எடு" என்றார். "சீக்கிரம் எடு."

ஷாமினி எடுத்தாள்.

அந்தப் படம் இப்போது அவர்கள் கூடத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. நடுவில் அங்கிள் சிரிக்கிறார். பின்னால் ஈரக் கண்ணோடு அக்கா கரண்டியுடன் நிற்கிறார். வலது ஓரத்தில் மூக்கு சிவக்க, வாய் கோணலாக நான் அழுதுகொண்டிருக்கிறேன். என் பக்கத்தை மட்டும் வெட்டிவிடச் சொல்லி இன்றுவரை கெஞ்சுகிறேன். "போத்தோங் பண்ணவா?" என்று கேட்பார் அக்கா, செய்யமாட்டார்.

அந்தக் கணினியில் கணக்கியல் படித்து முடித்தேன். இப்போது நானும் பாசாருக்குத்தான் போகிறேன். இருந்தாலும் ஒவ்வொரு தீபாவளிக்கும் எல்லாரையும் நிற்கவைத்துப் படம் எடுக்கும்போது, ஷாமினியின் கணவர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, "ரெடியா? எல்லாரும் சொல்லுங்க, பாடாம்" என்பார். அங்கிள் ஒருமுறைகூடத் தவறாமல் சிரித்துவிடுவார். அக்கா மட்டும் சிரிக்கமாட்டார். அவருக்கு வேறு கவலை.

"சேவ் ஆயிடுச்சா பாரு" என்பார் மருமகனிடம். "பாத்துட்டு உன் பையிலயே வச்சுக்க. மதுரைக்காரி கையில மட்டும் குடுத்துடாத."