பஞ்சுப் போர்வையின் நாலாவது அடுக்கு

ஒரு வேலையைக் கற்றுக்கொண்டவன் அதைச் செய்வான்; அதைப் பற்றி வீடியோ பார்த்தவன் பேசுவான். கல்யாணமான புதிதில் நான் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். ஊசியைக் கையால் தொடுவதற்கு முன்பே, பஞ்சுப் போர்வைத் தையலைப் பற்றி அகப்பட்டவர்களுக்கெல்லாம் வகுப்பெடுக்கிற மேதையாகியிருந்தேன். (கேட்டவர்கள் பாவம், கொங்கு நாட்டுக்காரர்கள். மரியாதைக்குத் தலையாட்டினார்கள்.)

அந்தச் சமயத்தில் மச்சானுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கிணத்துக்கடவில் பெயர் வைக்கும் விழா. தென்னந்தோப்புக்காரரான என் மாமனார் போனில் சொன்னார்: "வரும்போது கொழந்தைக்கு ஒரு போர்வை வாங்கிட்டு வந்துருங்க மாப்பிள்ளை."

சரிங்க என்று சொல்லி வைத்திருக்கலாம். சொன்னால் நான் நானில்லையே.

"கடைச் சரக்குங்களா? வேண்டாங்க மாமா. நானே கையால தைச்சுக் கொண்டாரேன்."

"ஊசியப் பாத்துங்க மாப்பிள்ளை" என்று போனை வைத்துவிட்டார்.

மேலே பூப்போட்ட துணி, நடுவில் பஞ்சு, அடியில் வெள்ளைக் காடாத்துணி. இந்த மூன்று அடுக்கையும் சேர்த்து நெருக்கமாக ஓட்டுத்தையல் போட வேண்டும். இல்லாவிட்டால் பஞ்செல்லாம் ஒரு மூலைக்கு ஓடி உருண்டையாகிவிடும். இவ்வளவுதான் விஷயம்.

"முதல்ல நீள நீளமாத் தைச்சு மூணையும் புடிச்சு வெச்சுக்குங்க. வேலை முடிஞ்சதும் அதப் பிரிச்சுக்கலாம்" என்றாள் என் மனைவி சுதா.

"பிரிக்கறதுக்கு எதுக்குத் தைக்கோணும்?" என்று கேட்டேன். எவ்வளவு கூர்மையான கேள்வி! இந்த மூளையை நம்பித்தான் சரவணம்பட்டியில் ஒரு கம்பெனி நடந்துகொண்டிருந்தது.

பிடித்து வைக்காத துணி நகர்ந்தது. நேராகத் தொடங்கிய தையல் வால்பாறை மலைப்பாதைபோல வளைந்து வளைந்து ஏறியது. பிரித்தேன், தைத்தேன், மறுபடியும் பிரித்தேன். விழா நாள் காலையிலும் ஓர் ஓரம் பாக்கி.

"நீ காரை ஓட்டு. நான் போற வழியில முடிச்சுக்கறேன்" என்றேன். ஒட்டிக்கோ பட்டு வேட்டி கட்டியிருந்தேன். ('கட்டி' என்பது பெருமைக்குச் சொல்வது. உண்மையில் ஒட்டியிருந்தேன்.)

அடியில் வைத்த விரலில் ஊசிமுனை பட்டால்தான் தையல் மூன்று அடுக்கிலும் இறங்கியதாக அர்த்தம் என்று ஒரு வீடியோவில் சொல்லியிருந்தார்கள். பொள்ளாச்சி ரோட்டின் ஒவ்வொரு வேகத்தடையிலும் என் விரல் பொத்தலானது. எனவே விரலை எடுத்துவிட்டு ஒரு புது விதி கண்டுபிடித்தேன்: ஊசி தொடையில் லேசாகச் சுருக்கென்றால் போதும், தையல் இறங்கிவிட்டது. வெள்ளைக் காடா, வெள்ளை நூல், வெள்ளை வேட்டி. வித்தியாசம் தெரிய அங்கே ஒன்றுமில்லை.

இறங்கும்போது போர்வையை மடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டேன்.

"ஏனுங்க, வேட்டி ஒருபக்கம் ஏறிக் கெடக்குதுங்களே?" என்றாள் சுதா.

"புது வேட்டி அப்படித்தான்."

பந்தலுக்குள் சொந்தபந்தம் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மச்சான் மனைவி, பக்கத்தில் மாமியார். நான் முன்னால் போய் நின்று, யாரும் கேட்காமலே தொண்டையைச் செருமிக்கொண்டு, கைத்தையலின் மகிமை குறித்து ஓர் உரையும் ஆற்றினேன். எதிரே ஒரு பெரியவர் கொட்டாவி விட்டார். அவர் ஒருவர்தான் அந்தப் பந்தலில் நேர்மையானவர்.

பிறகு போர்வையை நீட்டினேன். மாமியார் வாங்கினார். போர்வை வரவில்லை.

"விடுங்க மாப்பிள்ளை" என்றார் சிரித்தபடி.

"நான் விட்டுட்டேனுங்க அத்தை."

இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினேன். எங்கேயோ மாட்டிக்கொண்டது என்று நினைத்து, உதவிக்கு மச்சான் வந்தான். அவன் கபடி ஆடுகிறவன். ஒரே இழுப்பு. 'சர்ர்ர்ர்' என்று ஒட்டிக்கோ பிரிகிற சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. என் வேட்டி, போர்வையின் நாலாவது அடுக்காக, மாமியார் கையில் தொங்கியது. அன்னாசிப்பழம் போட்ட அரை டிராயரோடு நான் நின்றேன். போட்டோக்காரர் கடமை தவறாதவர், எடுத்துவிட்டார்.

ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது. மாமனார் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கொடுத்து, "கட்டிக்குங்க மாப்பிள்ளை, காத்தடிக்குது" என்றார். நான் அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் பந்தல் வெடித்தது. அதில் சுதாவின் சிரிப்பைத் தனியாக அடையாளம் காண முடிந்தது.

வேட்டியைப் பிரிக்க மாமியார் படாத பாடு பட்டார். போர்வையின் மற்ற தையல்களெல்லாம் தொட்டாலே வந்துவிட, வேட்டியில் விழுந்த தையல் மட்டும் அசைய மறுத்தது. என் வாழ்நாளில் நான் போட்ட உருப்படியான தையல் அதுதான். கடைசியில் வேட்டியைச் சுற்றிக் கத்தரித்து, ஜரிகைக் கரையோடு அந்தத் துண்டைப் போர்வையிலேயே விட்டுவிட்டார். மீதித் தையலைச் சுதா ஒழுங்காகப் போட்டுக் கொடுத்தாள்.

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அங்கே மதியம் தூங்கவும் அதே போர்வைதான் வேண்டுமாம். அடியிலுள்ள ஜரிகையைப் பார்த்த டீச்சர், "அழகா இருக்கே, யாரு குடுத்தாங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"மாமாவுதுங்க மிஸ்" என்றாளாம் அவள். "அவரு குடுக்கலீங்க. எல்லாருஞ் சேந்து உருவிட்டாங்க."