செய்பவர்: மாமன்னர்

ஒரு காட்டில், பக்கத்துக் காடுகளில் இல்லாத ஒரு பெருமை இருந்தது. படங்களுக்கென்றே ஒரு காப்பகம். மலைக்குகை ஒன்றில் வீடியோ கேசட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். குரங்குகள் கையில் கேமரா கிடைத்த நாளிலிருந்து அங்கே எது நடந்தாலும் படம்தான்.

ஒவ்வொரு கேசட்டுக்கும் விவர அட்டை எழுதுவது தேவாங்கின் வேலை. என்ன நடக்கிறது, எங்கே நடக்கிறது, செய்பவர் யார் என்று எழுத வேண்டும். வேறு யாராவது என்றால் கேசட்டின் மேல் ஒட்டியிருப்பதை அப்படியே எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். தேவாங்கு முழுசாகப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதும். ஏற்கெனவே பெரிய கண், கேட்கவே வேண்டாம்.

ஒருநாள் ராஜா புலி காப்பகத்தைப் பார்வையிட வந்தார். வந்ததும் தன் பெயரைத் தேடச் சொன்னார். ஒரு அட்டையிலும் இல்லை. அவர் பகலெல்லாம் தூங்குகிறவர். தூங்குகிறவரை எந்தக் குரங்கு மெனக்கெட்டுப் படம் எடுக்கும்?

மறுநாளே அமைச்சர் கழுதைப்புலி உத்தரவோடு வந்தது. எல்லா அட்டையிலும் ‘செய்பவர்’ என்ற இடத்தில் மாமன்னர் பெயர் இருக்க வேண்டுமாம்.

“படத்துல ராஜா இல்லீங்களே ஐயா?” என்றது தேவாங்கு.

“ராஜா இல்லாத இடம்னு ஒண்ணு இந்தக் காட்டுல இருக்கா?”

“இடத்துல இருப்பாருங்க. படத்துலதான் இல்ல.”

“உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?”

தேவாங்குக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. எழுதியது. குயில் கச்சேரி, செய்பவர்: மாமன்னர். மயில்களின் நடனப் போட்டி, செய்பவர்: மாமன்னர். காட்டுக்கோழி முட்டையிடுதல், செய்பவர்: மாமன்னர். அட்டைக்கு அட்டை ‘இதில் உள்ளது அனைத்தும் உண்மை’ என்று அரச முத்திரை விழுந்தது. ராஜா மாலையில் தனக்குப் பிடித்த அட்டைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். கோழி அட்டையை இரண்டு தடவை கேட்பார்.

அப்போதுதான் குளம் உடைந்தது. அது நீர்நாய் குடும்பம் வாழ்ந்த குளம். கிழங்கு போட நிலம் வேண்டும் என்று காட்டுப்பன்றிகள் கரையை உடைத்துத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டன. மீனெல்லாம் போச்சு. நீர்நாய்க் குட்டிகள் சேற்றில் கிடந்து கத்தின. ஒரு குரங்கு எல்லாவற்றையும் படம் எடுத்தது. தேவாங்குக்குப் பார்க்கவே வயிறு எரிந்தது. ‘குளத்தின் கரையை உடைத்தல். செய்பவர்: காட்டுப்பன்றிகள்’ என்று ரோஷமாக எழுதிவிட்டது.

கழுதைப்புலி ஓடி வந்தது. “பன்றிங்க பேரை அடி. அரண்மனைக்குக் கிழங்கு கொடுக்கிறவங்கய்யா அவங்க.”

“அடிச்சா அந்த இடம் காலியா இருக்குமே?”

“காலியா விட்டா உத்தரவு என்ன ஆகுறது? வழக்கமா எழுதுறதை எழுதிட்டுப் போ.”

எழுதியது. முத்திரையும் விழுந்தது.

நீர்நாய் எல்லாக் காடுகளுக்கும் பொதுவான நீதிமன்றத்துக்குப் போனது. ராஜாவும் வந்து உட்கார வேண்டியதாயிற்று. நீதிபதியான யானை கேசட்டைப் போட்டுக் காட்டச் சொன்னது. அந்த வருஷ மழையில் குகையெல்லாம் ஈரம், கேசட்டில் பூஞ்சை. மெஷினில் போட்டால் வெறும் கோடு கோடாக ஓடியது.

“இதை நம்பித்தானே அண்ணே வந்தேன்? எம் புள்ளைங்க இனி எங்க போகும்?” என்று தேவாங்கிடம் சொல்லி நீர்நாய் அழுதது. தேவாங்கு தலை நிமிரவே இல்லை.

“படம் ஓடலைன்னா முத்திரை போட்ட அட்டைதான் சாட்சி. படி,” என்றது யானை.

தேவாங்கு படித்தது. “குளத்தின் கரையை உடைத்தல். செய்பவர்: மாமன்னர்.”

கழுதைப்புலியின் முகத்தில் ஈயாடவில்லை. ராஜாவின் காதில் கிசுகிசுத்தது. “இந்த அட்டை பொய்னு சொல்லிடுங்க மகாராஜா.”

“இது பொய்னா, குயில் கச்சேரி?”

“அதையும் நம்ப மாட்டாங்க.”

“மயில் போட்டி?”

“அதுவும் போச்சு மகாராஜா.”

“அப்போ கோழி?” என்று கேட்கும்போது ராஜாவின் குரல் கம்மிவிட்டது.

எழுந்தார். மீசையைத் தடவிக்கொண்டார். “நான்தான் உடைச்சேன். ஒத்தை ஆளா உடைச்சேன்!” என்று முழங்கினார்.

ராஜா தன் கையாலேயே கரையைக் கட்டித் தர வேண்டும் என்று தீர்ப்பானது. கட்டினார். மண் சுமந்தார், சேற்றில் வழுக்கி விழுந்தார், எழுந்து மறுபடியும் சுமந்தார். பன்றிகள் கிழங்கு தின்றுகொண்டே வேடிக்கை பார்த்தன. அடுத்த மழைக்குக் குளம் நிரம்பியது. குட்டிகள் அதில் குதித்துக் கும்மாளம் போட்டதைச் சொல்லும்போது எனக்கே சந்தோஷமாக இருக்கிறது.

குரங்குகள் சும்மா இருக்குமா? கரை கட்டியதை முழுக்கப் படம் எடுத்தன. தேவாங்கு போட்டுப் பார்த்தது. முதல் முறையாக ஒரு படத்தில் ராஜா நிஜமாகவே இருந்தார், அதுவும் ஆரம்பம் முதல் கடைசி வரை. அப்பாடா என்று அட்டையை எடுத்தபோது கழுதைப்புலி வந்து நின்றது.

“ராஜா மண் சுமந்தார்னு அட்டையில இருந்தா அசிங்கம். இதுல மட்டும் அவர் பேர் வரக் கூடாது. காலியாவும் விடாதே. பன்றிங்க பேரைப் போடு.”

போட்டது. அந்த ஆண்டின் சமூக சேவை விருது காட்டுப்பன்றிகளுக்குக் கிடைத்தது.

நீதி: விவரம் எழுதுகிறவர்களே, துணிந்து பொய் எழுதுங்கள். உண்மையை எழுதினால் வேலைதான் போகும். பொய்யை எழுதினால் எப்போதாவது ஒரு குளமாவது கிடைக்கும்.