1408ஆம் கதவின் தலைவர்

கனடாவை ஆள்பவர் பிரதமர் என்று உங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருப்பார்கள், பிள்ளைகளே. தொண்ணூறுகளில் சென் ஜேம்ஸ் ரவுண் தொடர்மாடியில் இருந்த எங்களைக் கேட்டால் வேறு பதில் வரும். எங்களை ஆண்டவர் பாப்பம் அண்ணை.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பமாட்டார். எதைக் கேட்டாலும், பார்க்கலாம் என்ற பொருளில், "பாப்பம்" என்பதுதான் பதில். ஒருமுறை லிப்ற் இடைநடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஏழெட்டுப் பேர். "அண்ணை, உயிரோடை வெளியிலை போவமோ?" என்று ஒருவன் அழுதான். அண்ணை கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "பாப்பம்."

இரவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். பகலில் எங்கள் பகுதி எம்பியின் அலுவலகத்தில் சம்பளம் இல்லாமல் தமிழருக்கு மொழிபெயர்த்தார். மொழிபெயர்த்த நேரத்தை விடத் தேத்தண்ணி ஊற்றிய நேரம்தான் கூட.

அந்த அலுவலகத்துக்கு நானும் நடையாய் நடந்தேன். என்னை அகதி என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆனால் நிரந்தரமாய் இருக்கவிட முன்னர் புலனாய்வுத்துறை "இவரால் ஆபத்தில்லை" என்று சொல்லவேண்டும். அது வந்தால்தான் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்த உங்கள் அம்மாவையும் அக்காவையும் கூப்பிடலாம். நான் வெளிக்கிடும்போது அக்கா தவழவும் இல்லை. பிறகு நடக்கிறாள் என்று போனில் சொன்னார்கள். பிறகு ஓடுகிறாள் என்றார்கள். புலனாய்வுத்துறை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

எம்பி நல்ல மனிதர். மேசையில் குத்தி, "நான் கேட்கிறேன்!" என்பார். கேட்கவும் செய்வார். அங்கேதான் வேடிக்கை. சட்டம் செய்கிறவர்கள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள அந்தத் துறையில் தனியாக ஓர் ஆள் இருந்தார். சாம்பல் கோட் போட்டு வருவார். மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. எம்பியின் நாய்க்குச் சுகமா என்றுகூடக் கேட்பார். பிறகு கதவைச் சாத்துவார். யன்னல் திரையை இறக்குவார். "இது நமக்குள் இருக்கட்டும்" என்று குரலைத் தாழ்த்தி, நேற்றைய பேப்பரில் வந்ததைச் சொல்வார். தேத்தண்ணிக் கோப்பைகளை எடுக்க உள்ளே போய்வரும் பாப்பம் அண்ணைக்கு அது நன்றாகத் தெரியும். அதே பேப்பரில்தான் அவர் மட்டன் றோல்ஸ் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

அதோடு எம்பியின் வாய் அடைந்துவிடும். இரகசியம் கேட்டவர் வெளியில் பேசக்கூடாதாம். "என்ர கேஸ் என்ன மாதிரி, சேர்?" என்றால் கூரையைப் பார்த்து, "சொல்ல எனக்கு அனுமதியில்லை" என்பார். சொல்ல ஒன்றுமில்லை என்பதைச் சொல்லவும் அனுமதியில்லை. கத்துகிற பிள்ளையின் வாயில் ரொபி ஒன்றை வைத்தால் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது.

பார்த்துப் பார்த்து இந்தப் பழக்கம் அண்ணைக்கும் தொற்றிவிட்டது. நானும் ஒண்டியிருந்த தன் வீட்டில் குசினிக் கதவைச் சாத்தி, திரையை இழுத்து, என் காதுக்குள் சொல்வார்: "சோறு வெந்திட்டுது. வெளியிலை கதைக்காதை."

ஒருநாள் கடும் பனி. எம்பி வழியில் மாட்டிக்கொண்டார். அலுவலகத்தில் நானும் அண்ணையும் சாம்பல் கோட்டும் மட்டும். புது ஆள் ஒருவர் கதிரையில் இருந்தால் எந்த ஊர், ஆருடைய பிள்ளை, எங்கே கலியாணம் கட்டினவர் என்று அறியாமல் எங்கள் ஆட்களுக்குப் பொறுக்காது. அண்ணை றோல்ஸ் தட்டை நீட்டியபடி தொடங்கினார். பேச்செல்லாம் இங்கிலிஷில்தான். நான் தமிழில் எழுதுகிறேன்.

"தம்பி எந்த இடம்?"

"ஒட்டாவா."

"அது வேலை செய்யிற இடம். பிறந்தது எங்கை?"

கிழக்குக் கரையில் ஒரு மீன்பிடிக் கிராமம் என்றார் அவர்.

"அப்பிடியோ! அப்பா கடலுக்குப் போறவரோ? அம்மா இருக்கிறாவோ? ஆரோடை இருக்கிறா? ஏன், நீர் வைச்சுப் பாக்கேல்லையோ?"

எம்பி கேட்கக்கூடிய எந்தக் கேள்விக்கும் அந்த மனிதரிடம் பதில் தயாராய் இருந்தது. அம்மாவை ஏன் வைத்துப் பார்க்கவில்லை என்ற கேள்விக்குத் துறையில் பயிற்சி கொடுக்கவில்லை. முதல் றோலில் அம்மா தனியே இருப்பது வந்தது. இரண்டாவதில் மனைவி பிரிந்துபோனது வந்தது. ஒட்டாவாவிலிருந்து இங்கே மாற்றலாகி வந்து ஹோட்டல் அறையில் சூப் குடித்துப் படுப்பதும் வந்தது.

"பாவம் பிள்ளை. இன்னொண்டு எடும்" என்ற அண்ணை என்னைக் காட்டினார். "உவனும் உம்மை மாதிரித்தான் தனிய. மனிசியும் பிள்ளையும் கொழும்பிலை."

"இவர் எங்கே இருக்கிறார்?"

"என்ர வீட்டிலைதான். 1408."

றோல் வாய்க்குப் போகாமல் நடுவில் நின்றது. "1408 உங்களுடையதா?"

"ஓம். ஏன்?"

சாம்பல் கோட் எழும்பிக் கதவைச் சாத்தினார். திரையை இறக்கினார். இந்தமுறை பேப்பரில் வராத ஒன்றைச் சொன்னார். ஒரே ஒரு படுக்கையறை, ஐம்பது அறுபது பேருக்கு அதுவே விலாசம். பெரிய சதிக்கூட்டம் ஒன்று அங்கிருந்து இயங்குவதாகத் துறைக்குச் சந்தேகம். தலைவர் யார் என்றுதான் பிடிபடவில்லை. அதனால் அந்தக் கதவுக்காரர் எல்லாருடைய கேசும் நிற்கிறது.

எனக்கு விளங்கிவிட்டது. விலாசம் இல்லாமல் வந்திறங்கும் எவருக்கும் அண்ணை தன் கதவு இலக்கத்தைக் கொடுத்துவிடுவார். ஆள் வேலை கிடைத்துப் பிறம்ரன் நகருக்குப் போய்விடும். விலாசம் இங்கேயே நின்றுவிடும்.

அண்ணை றோல்ஸ் தட்டை மேசையில் வைத்தார். "அப்ப, இவன்ரை பிள்ளையை இவ்வளவு காலம் மறிச்சு வைச்சிருந்தது நானோ?"

அவர் "பாப்பம்" என்று சொல்லவில்லை. கோட்டை எடுத்து மாட்டினார். "தலைவர் நான்தான். வாரும். இப்பவே வந்து என்ர கூட்டத்தைப் பாரும்."

பனிக்குள் மூவரும் நடந்தோம். 1408இன் வாசலில் சப்பாத்து மலை. உள்ளே சுவரோடு சுவராக மெத்தைகள். குளியலறைக்கு வரிசை. ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்த ஒருவன் தலையை நிமிர்த்தி, "அண்ணை, உவர் புது ஆளோ? மெத்தை ஒண்டு கிடக்கு" என்றான். படுக்கையறையில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம்.

"தலைவர் எங்கே படுப்பார்?" என்று கேட்டார் சாம்பல் கோட்.

அண்ணை கோட் கொழுவும் அலுமாரியைத் திறந்தார். கீழே ஒரு தலையணை, மடித்த போர்வை. காலை நீட்ட வேண்டுமென்றால் கதவைத் திறந்துவைத்துத்தான் படுக்கவேண்டும்.

சாம்பல் கோட் குனிந்து அந்தத் தலையணையைத் தொட்டுப் பார்த்தார்.

"இவன்ரை மனிசி வருவாவோ, தம்பி?"

அவர் பழக்கதோஷத்தில் அலுமாரிக் கதவை மெல்லச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார். "பார்க்கலாம்" என்றார்.

"அட, எங்கடை ஆள்!" என்று அண்ணை அவர் முதுகில் தட்டினார். "ஹோட்டலிலைதானே இருக்கிறீர். வேணுமெண்டால் என்ர விலாசத்தைக் குடும்."

கோடையில் அம்மாவும் அக்காவும் வந்து இறங்கினார்கள். தன்னுடைய ஓயாத கேள்விகளால்தான் கேசுகள் அசைந்தன என்று எம்பி பொதுக்கூட்டம் ஒன்றில் பேசினார். எல்லாம் வழக்கமான நடைமுறைப்படி நடந்ததாகப் புலனாய்வுத்துறை எம்பிக்கு மரியாதையோடு அறிவித்தது. றோல்ஸைப் பற்றி இருவரும் மூச்சுவிடவில்லை.

விமான நிலையத்தில் அக்கா என்னைக் கண்டு பயந்து அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"என்னட்டை வருவாளோ, அண்ணை?"

"பாப்பம்" என்றார் அவர், கழுத்துப்பட்டியின் நுனியால் கண்ணைத் துடைத்தபடி.

இப்போது மோர்னிங்சைட்டில் நமக்குச் சொந்த வீடு இருக்கிறது. ஆனாலும் யாராவது சட்டென்று விலாசம் கேட்டால், என் வாயில் முதலில் வருவது 1408தான்.